பறக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா: பழைய போர் விமானமும் ஓசூர்ப் பட்டறைகளும்

மாந்தோப்பு (சந்தூர்) எழுதியது:

மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. அன்று முதல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: கிருஷ்ணகிரிக்கு ஒன்று வாங்கி ரவுண்டானாவில் நிறுத்த வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வயிற்றில் இரும்புத் தூணைச் செருகி, சாயம் பூசி, கீழே கல்வெட்டும் வைத்துவிட்டால் அது சிலை. விமானம் இல்லை.

என் யோசனை வேறு. ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பான பார்த்தெனாவியா பி-68 விமானங்களையும் ஹன்சா பயிற்சி விமானங்களையும் அங்கே கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் லேத், சிஎன்சி, வெப்பப் பதப்படுத்தல், முலாம் பூசுதல் என்று எல்லாப் பட்டறைகளும் உண்டு. பெங்களூர் விமான ஆலையான எச்ஏஎல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசூரில் பஞ்சமில்லை. ஒரு டைகர் மாத் அல்லது ஒரு எச்டி-2, இந்தப் பழைய பயிற்சி விமானங்களில் ஏதாவது ஒன்றை இங்கேயே செப்பனிட்டு இங்கேயே பறக்க வைக்க முடியாதா?

டில்லி அருகே ஹிண்டனில் இருக்கும் விமானப் படையின் விண்டேஜ் பிரிவை, அதாவது பழைய விமானங்களைப் பறக்க வைக்கும் பிரிவைப் பாருங்கள். அதன் டைகர் மாத் 2012 விமானப் படை நாளில் பறந்தது, ஆனால் செப்பனிட்டது இங்கிலாந்தில். ‘பரசுராமா’ என்ற டகோட்டா சரக்கு விமானமும் அப்படித்தான். கோவென்ட்ரியில் சரி செய்து, 2018 ஏப்ரலில் அங்கிருந்து நாடு நாடாக இறங்கி ஏறிப் பறந்து வந்தது. 1948இல் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை எச்ஏஎல் பெங்களூருக்குக் கொண்டு வந்து படையில் சேர்த்த நாடு இது. நாம் ஏன் கடல் கடந்து போக வேண்டும்?

லேத்_ஓசூர் எழுதியது:

முடியும். வரைபடமும் மாதிரியும் கொடுங்கள், ஒரு மாதத்தில் எந்த உருப்படியையும் கடைந்து தருகிறேன். மோட்டார் கம்பெனிகளுக்கு மைக்ரான் கணக்கில் செய்து கொடுக்கிறோம். 1930களின் விமானத்தில் அப்படி என்ன சிக்கல் இருந்துவிடப் போகிறது?

பழைய ஃபிட்டர் (பாலக்கோடு) எழுதியது:

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். விமானப் படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன். பீதரில் எச்டி-2இல் கை வைத்திருக்கிறேன். அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டு நகர முடியவில்லை.

எச்டி-2ஐ வடிவமைத்தவர் வி.எம். காட்கே. 1951 ஆகஸ்டில் அது முதன்முதலாகப் பறந்தது. உள்ளே இருப்பது சிரஸ் மேஜர் என்ஜின், நான்கு சிலிண்டர், 155 குதிரைத்திறன். டைகர் மாத்தின் ஜிப்சி மேஜரும் இதே சாதிதான், 130 குதிரைத்திறன். இரண்டிலும் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். கிராங்க் மேலே, ஹெட் கீழே. விமானிக்கு முன்னால் பார்வை மறைக்கக் கூடாது, புரொப்பல்லர் தரையிலிருந்து உயரமாக நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஃபிட்டருக்கு அதுவே தலைவலி. இரவெல்லாம் நிற்கும்போது எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காலையில் ஸ்விட்சை அணைத்து, பெட்ரோலை மூடி, புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது கல்லில் இடித்தது போல் நின்றால் உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கிறது என்று பொருள். எண்ணெயை அமுக்க முடியாது. பலம் போட்டுத் தள்ளினால் கனெக்டிங் ராட் வளையும்.

அதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு: பின்பக்கமாகச் சுற்றிச் சமாளிப்பது. டகோட்டா, ஹார்வர்டு போன்ற விமானங்களின் ரேடியல் என்ஜின்களில், அதாவது சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் என்ஜின்களில், அப்படிச் செய்தால் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்ஜின் கிளம்பியதும் அதே எண்ணெய் திரும்பிச் சிலிண்டருக்குள் வரும், வளைய வேண்டியது அப்போது வளையும். அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடிய விடுவதுதான் முறை. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவன் இந்தத் தொழிலுக்கு ஆக மாட்டான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கை வேலைக்கு நம் பக்கம் ஆள் இருக்கிறது. என் சந்தேகம் கையைப் பற்றியது இல்லை. எஃப்-700 பற்றியது.

மாந்தோப்பு எழுதியது:

எஃப்-700 என்றால்?

பழைய ஃபிட்டர் எழுதியது:

ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக உள்ள பதிவேடு. என்ன பழுது வந்தது, யார் கழற்றினார், யார் மாட்டினார், யார் சரிபார்த்தார், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. விமானி அதைப் படித்து ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே ஏறுவார். மழையில் நனைந்த விமானத்தைத் துடைத்துவிடலாம். பதிவு நனைந்து அழிந்துவிட்டால் அந்த விமானம் யாரென்றே தெரியாது.

தேன்கனிக்கோட்டை_வாசகி எழுதியது:

விமான உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். லேத் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒரு டைகர் மாத் வானத்திலேயே இடது இறக்கையை இழந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள். கீழ் இறக்கைகளை உடற்பகுதியோடு இழுத்துப் பிடிக்கும் டை ராட் என்ற இரண்டு எஃகுக் கம்பிகள் முறிந்திருந்தன. மரை வெட்டிய இடத்தில் களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப இழுபட்டு வரும் விரிசல், வெகு நாளாக வளர்ந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவை எழுபது வயதுப் பழைய கம்பிகள் இல்லை. பிற்காலத்தில் வேறொரு தயாரிப்பாளர் செய்து, முறையான ஒப்புதலும் பெற்ற மாற்றுக் கம்பிகள். அவற்றுக்கு விதித்திருந்த 2000 மணி நேர ஆயுள்கூட முடியவில்லை.

பார்வைக்கு அது ஒரு சாதாரணக் கம்பி. இரண்டு முனையிலும் மரை. உங்கள் பட்டறையில் காலை டீ குடிப்பதற்குள் செய்துவிடலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

லேத்_ஓசூர் எழுதியது:

சரி, வாசகி. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். ஈஎன்24 என்ற வலுவான எஃகுக் கம்பி கடையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் எந்த ஆலையில், எந்த உருக்கில் வந்தது என்ற சான்றிதழோடு கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். மரையை வெட்டினால் அடிப்பள்ளத்தில் கூர்மை நிற்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும். உருட்டி எடுத்தால் எஃகு அமுங்கி உறுதிப்படும். வலுவான எஃகுக்குக் கேட்மியம் முலாம் பூசினால் உடனே அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட வேண்டும். இல்லையென்றால் முலாம் தொட்டியில் ஏறிய ஹைட்ரஜன் உள்ளேயே தங்கி எஃகை மொறுமொறுப்பாக்கிவிடும். இதெல்லாம் ஓசூரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விலை மட்டும் நான் முதலில் நினைத்தது போல் இருக்காது. நூறு கம்பி செய்து, பத்தை இழுத்து முறித்துப் பார்த்து, இரண்டைக் கொடுப்பதற்கு யார் பணம் தருவார்?

அரூர்_வாத்தியார் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. மரமும் துணியும் கொண்ட விமானம் நம் தட்பவெப்பத்துக்குத் தாங்குமா? ஓசூர் பரவாயில்லை. எங்கள் அரூர் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியே இரண்டு கோடையில் உதிர்ந்துவிடுகிறது.

தேன்கனிக்கோட்டை_வாசகி எழுதியது:

நல்ல கேள்வி, சார். அன்று லினன் துணியைப் போர்த்தி, டோப் என்ற கரைசலைப் பூசி இறுக்குவார்கள். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். சூட்டில் இழுத்துச் சுருக்கி, வெயில் புகாமல் வெள்ளிப் பூச்சு கொடுத்தால் கூடாரத்துக்குள் பல ஆண்டுகள் நிற்கும். டைகர் மாத்தின் உடற்பகுதி எஃகுக் குழாய், இறக்கைதான் மரம். மரத்தைவிட முக்கியம் பசை.

இரண்டாம் உலகப் போரில் மாஸ்கிட்டோ என்ற மர விமானம் இந்தியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் கேசீன் பசை, அதாவது பாலிலிருந்து எடுக்கும் பசை. ஈரத்தில் அது பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும் என்று செயற்கைப் பசைக்கு மாறினார்கள். அப்படியும் 1944இல் இங்கே இறக்கை பிய்ந்து சில விமானங்கள் விழவே, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதித்தார்கள். பல விமானங்களில் ஒட்டு சரியாகப் பிடிக்கவே இல்லை. நம் தட்பவெப்பம் காரணமா, தொழிற்சாலையின் அவசரம் காரணமா என்று அப்போதே வாக்குவாதம். விசாரித்தவர்கள் தொழிற்சாலைகளின் பக்கமே அதிகம் கை காட்டினார்கள். வெளியூர்க்காரன் பொருள் பழுதானால் நம் வெயில்மேல் பழி போடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

மாந்தோப்பு எழுதியது:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். 1948க்கு யாரும் பதில் சொல்லவில்லையே? ஆங்கிலேயர் போகும்போது லிபரேட்டர்களை இனி யாரும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள் என்பார்கள். எச்ஏஎல் ஆட்கள் கான்பூருக்குப் போய் ஒட்டுப் போட்டுத் தேற்ற, எச்ஏஎல் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 40க்கு மேல் தேறின. 1968 வரை விமானப் படையில் இருந்தன. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை 1989இல் பறக்க வைத்த லிபரேட்டரும் நம் படையில் இருந்ததுதான். எத்தனை எஃப்-700 கேட்டார்கள் அன்று?

பழைய ஃபிட்டர் எழுதியது:

அதைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது, தம்பி. ஆனால் அந்த ஆட்கள் யார் என்று பாருங்கள். போர் முழுக்க எச்ஏஎல் அமெரிக்க விமானங்களை ஓவர்ஹால் செய்யும் கிடங்காக இருந்தது. டகோட்டா, கேட்டலினா எல்லாம் அந்தக் கைகளில் தினமும் புழங்கியவை. லிபரேட்டரில் இருப்பதும் டகோட்டாவில் இருப்பதும் ஒரே பிராட் அண்டு விட்னி ட்வின் வாஸ்ப் குடும்பத்து என்ஜின். புத்தகம் கையில், உதிரிபாகம் அடுத்த விமானத்தில், தெரியாததைக் கேட்கப் பக்கத்தில் ஆள். அவர்களுக்கு அது பழைய விமானம் இல்லை. மூன்று நான்கு வயது விமானம்.

நமக்கு இன்று அது எண்பது வயது. எச்டி-2இல் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் கண் தெரிகிறது? இங்கிலாந்துக்கு ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டீர்கள். டைகர் மாத் அங்கே பறப்பதை நிறுத்தவே இல்லை. அப்பன் விட்ட இடத்தில் மகன் ஸ்பேனரை எடுத்திருக்கிறான். நம்மிடம் ஒரு தலைமுறை விட்டுப்போயிற்று.

காவேரிக்கரை (ஒகேனக்கல்) எழுதியது:

அந்தக் காலிங்ஸ் அறக்கட்டளையின் பெயரை எடுத்தீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அவர்களிடமே நைன்-ஓ-நைன் என்ற பழைய பி-17 குண்டுவீச்சு விமானம் இருந்தது. கட்டணம் செலுத்தியவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டில் கிளம்பிய சில நிமிடங்களில் நான்காவது என்ஜின் கோளாறு, திரும்பி இறங்கும்போது விபத்து, ஏழு பேர் மரணம்.

விசாரணையில் தெரிந்தது: அந்த என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோக்களில் ஒன்று வேலையே செய்யவில்லை. அதன் இணைப்புக் கம்பி கழன்று, கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். மற்றொன்றின் பொறி பலவீனம், சில சிலிண்டர்களுக்குப் போகவே இல்லை. என்ஜினை அணைத்த பிறகு வேகத்தையும் சக்கரத்தையும் விமானி கையாண்ட விதமே முதன்மைக் காரணம், பராமரிப்புக் குறை துணைக் காரணம் என்று முடித்தார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அந்த விமானியே பராமரிப்புக்கும் பொறுப்பாளர். மாட்டுபவரும் அவர், ஓட்டுபவரும் அவர்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், காவேரிக்கரை முந்திக்கொண்டார். இந்தப் பழைய பிஸ்டன் விமான என்ஜின் ஒவ்வொன்றிலும் இரண்டு மேக்னட்டோ. பேட்டரி இல்லாமலே பொறி தரும். கிளம்பும் முன் ஒன்றை அணைத்துப் பார்ப்போம், சுற்று சற்றுக் குறையும். பிறகு மற்றதை அணைப்போம். அளவுக்கு மேல் குறைந்தால் விமானம் திரும்பும், எந்தப் பெரிய அதிகாரி உள்ளே இருந்தாலும். ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்விட்சுக்குப் போகும் அந்த இணைப்புக் கம்பி அறுந்து, உடலோடு தொடாமல் தொங்கினால் ஸ்விட்சை அணைத்தாலும் மேக்னட்டோ அணையாது. அப்போது புரொப்பல்லரைக் கையால் சுற்றுபவன் கதை முடிந்தது. அதனால் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று உள்ளிருந்து யார் சொன்னாலும், புரொப்பல்லர் எந்நேரமும் வெடித்துச் சுழலும் என்று எண்ணியே நிற்பேன். ஓய்வு பெற்ற பிறகும் கண்காட்சியில் எந்த விமானத்துக்கு முன்னாலும் சுழல் வட்டத்துக்குள் கால் வைப்பதில்லை. பேரன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

காவேரிக்கரை எழுதியது:

ஜெட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015 ஆகஸ்ட் 22இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஒரு பழைய ஹன்டர் போர் ஜெட் கரணமடிக்கும்போது கீழே சாலையில் விழுந்தது. செத்த 11 பேரும் சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள், விமானி பிழைத்தார். தேவையான வேகமும் உயரமும் இல்லாமல் கரணத்தை முடிக்கப் போனது காரணம். ஆனால் விசாரித்துக்கொண்டே போனபோது, வெளியேற்று இருக்கையின் வெடிமருந்துக் குப்பிகள் காலாவதியானவை என்பதும் வெளிவந்தது.

வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் கதையும் தெரிந்திருக்கும். மக்கள் காசு போட்டுப் பறக்க வைத்தார்கள். பிஏஇ, ரோல்ஸ் ராய்ஸ், மார்ஷல் என்ற மூன்று நிறுவனங்களும் இனித் தொழில்நுட்பப் பொறுப்பு ஏற்க ஆள் இல்லை என்று விலகின. 2015 அக்டோபர் 28 கடைசிப் பறப்பு. விமானம் நன்றாகத்தான் இருந்தது. பொறுப்பேற்கத்தான் ஆள் இல்லை.

மாந்தோப்பு எழுதியது:

ஜெட்டை நான் கேட்கவே இல்லை. 130 குதிரைத்திறன் டைகர் மாத் எங்கே, வல்கன் எங்கே? இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வார இறுதிக்கு வார இறுதி சாதாரண மனிதர்கள் டைகர் மாத் ஓட்டுகிறார்கள். நீங்கள் சொன்ன டை ராட் விபத்துக்குப் பிறகு அங்கே என்ன செய்தார்கள்? கம்பிகளை மாற்றச் சொன்னார்கள், விமானங்களைக் குப்பையில் போடவில்லை. பெட்ரோல் இல்லை என்றும் சொல்ல முடியாது, பிஸ்டன் விமானங்களுக்கான ஏவ்கேஸ் 100 எல்எல் பெட்ரோலை 2022இல் இந்தியன் ஆயிலே அறிமுகப்படுத்தியது.

பழைய ஃபிட்டர் எழுதியது:

பெட்ரோல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ‘எல்எல்’ என்றால் ஈயம் குறைவு என்று பெயர், பழைய என்ஜினுக்கு அது குறைவே இல்லை. ஜிப்சி மேஜர் 70 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பிறந்தது. இந்த நீல நிறப் பெட்ரோலில் பிளக் முனையில் ஈய மணிகள் கட்டிக்கொள்ளும், வால்வும் பிடிக்கும். ஓட்டலாம், ஆனால் பிளக்கை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு, என்ஜினுக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தி முதலிலேயே போய்விடும். ஏப்ரல் மதியத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டைகர் மாத் எழும்புவதைப் பார்த்தால், நீங்கள் கீழே இருந்தே தூக்கிவிடப் பார்ப்பீர்கள். காலை ஏழு மணிக்குப் பறக்கலாம்.

தம்பி, உங்களைத் தடுக்கவில்லை. மூன்று பேரைக் காட்டுங்கள்: பத்து ஆண்டுக்குப் பணம் போடுபவர், ஓட்டுபவருக்கு வேண்டாதவராக இருந்து கையெழுத்துப் போடுபவர், என்னிடம் வந்து கற்றுக்கொள்ள முப்பது வயதுக்குள் ஒருவர். மூன்றாவது ஆள் வந்தால் நாளைக்கே பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறுகிறேன்.

அரூர்_வாத்தியார் எழுதியது:

எனக்குப் பறக்கும் கனவெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கல்வி வளாகத்தில் பழைய ஜெட் விமானம் ஒன்று வெட்டவெளியில் நிற்கிறது. டயர் சப்பி, மைனா கூடு கட்டி, பாவமாக இருக்கிறது. வரும் விடுமுறையில் மாணவர்களை வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வண்ணம் பூசலாம் என்று பேச்சு. இதற்கு என்ன சொல்கிறீர்கள், ஐயா?

பழைய ஃபிட்டர் எழுதியது:

தேய்க்க வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள். அந்தக் காலத்து அடிப்பூச்சில் குரோமேட் இருக்கும், போல்ட்டுகளில் கேட்மியம் இருக்கும். உலர்ந்த தூளாகப் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் போகக் கூடாத இரண்டு பொருள். பழைய மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் எழுத்து ரேடியம் பூச்சாக இருக்கலாம், கண்ணாடி உடைந்திருந்தால் யாரும் உள்ளே கையை நுழைக்க வேண்டாம். வெளியேற்று இருக்கையிலும் மேற்கூரைக் கண்ணாடியிலும் வெடிமருந்துக் குப்பிகள் எடுக்கப்பட்டதற்கு எழுத்தில் சான்று இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் விமானப் படைக்கு எழுதி ஆளை வரவழைக்கும் வரை ஒருவரும் உள்ளே ஏறக் கூடாது.

இவையெல்லாம் தீர்ந்த பிறகு செய்யக்கூடிய நல்ல வேலை நிறைய இருக்கிறது. வயிற்றின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், முன்பு பூசிய வண்ணமே அவற்றை அடைத்திருக்கும். திறந்து விடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் அலுமினியத்தைத் தின்கிறது, வெளி வெயில் இல்லை. கூட்டைக் குஞ்சு பறந்த பிறகு எடுத்து, காற்று நுழையும் வாயில்களுக்கு வலை போடுங்கள். பறவை எச்சம் அலுமினியத்தை அரிக்கும். பாரம் சக்கரத்தில் நிற்காமல் இரும்புத் தாங்கிகளில் நிற்க வேண்டும். மேலே ஒரு தகரக் கூரை போட்டால் போதும், மற்ற எல்லாச் செலவும் பாதியாகும்.

லேத்_ஓசூர் எழுதியது:

தாங்கிகளை நான் செய்து தருகிறேன், வாத்தியாரே. கூலி வேண்டாம், இரும்புக்கு மட்டும் பணம் கொடுங்கள். எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும். இதற்காவது சான்றிதழ் கேட்க மாட்டீர்களே, வாசகி?

தேன்கனிக்கோட்டை_வாசகி எழுதியது:

எடை எவ்வளவு என்று எழுதி, அதற்கு இரண்டு மடங்கு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அண்ணா. கையெழுத்து நான் போடுகிறேன்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

முட்டு எங்கே வேண்டுமானாலும் கொடுக்கக் கூடாது, தகடு உள்ளே போய்விடும். இறக்கையின் அடியில் இரண்டு இடம், உடலின் அடியில் ஒரு இடம், ஜாக் வைக்கவென்றே கெட்டியான குழிவு இருக்கும். பக்கத்தில் குறி எழுதியிருப்பார்கள், பல கோட்டு வண்ணத்துக்குக் கீழே மறைந்திருக்கலாம். வாத்தியார் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடட்டும். வால் பக்கம் எண் ஏதாவது தெரிந்தால் அதையும் எடுங்கள்.

மாந்தோப்பு எழுதியது:

நானும் வருகிறேன், வாத்தியாரே, ஏணி கொண்டு வருகிறேன். பறக்கும் விமானம் பற்றிய என் கருத்து மாறவில்லை. மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓசூர் பாலிடெக்னிக் பக்கம் ஒரு பையன் ஆர்வமாகக் கேட்டான். ஐயாவுக்கு எந்த நாள் தோதுப்படும்?

பழைய ஃபிட்டர் எழுதியது:

வியாழன் வேண்டாம், எனக்குத் தக்காளி மண்டியில் வேலை. மற்ற நாளில் அழைத்து வாருங்கள். வரும்போது அவனிடம் கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப் பையில் பேனா எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.